மேஜர் ரொஜர்ஸ்: 1,400 யானைகளும் ஒரு மின்னலும்

பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் என்றொரு சிறிய அங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. தோட்டப் பகுதிச் செய்தி ஒன்றைச் சேகரிக்கப் போன நாளில், மழைக்கு ஒதுங்கியபோதுதான் அதற்குள் முதன்முதலாக நுழைந்தேன். அங்குள்ள நினைவுக்கல், இந்த ஆலயம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், சிலோன் ரைபிள் படைப்பிரிவின் மேஜர், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வயது 41. எல்லாத் தரத்திலும் இருந்த நண்பர்கள் சேர்ந்து அவருடைய நினைவாக எழுப்பிய ஆலயம் இது.

அந்தக் கல்லில் யானை என்ற சொல் இல்லை. ஆனால் இன்று ரொஜர்ஸை யாராவது நினைவில் வைத்திருந்தால் அது யானைகளால்தான். தன் வாழ்நாளில் அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400 க்கும் மேல் என்று பேசப்பட்டது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859 இல் வெளியிட்ட தனது நூலில் இந்தத் தொகையைப் பதிவு செய்தார். கப்டன் கல்வே என்ற இன்னொரு அதிகாரி அதில் பாதிக்கும் மேல் கொன்றார் என்றும், வீதிகள் அமைத்த மேஜர் ஸ்கின்னரின் கணக்கும் அதற்குக் கிட்ட வரும் என்றும் அவரே எழுதினார். அதனால் இதை ஒரு தனி மனிதனின் வெறி என்று மட்டும் பார்க்க முடியாது. அது ஓர் அதிகாரி வர்க்கத்தின் பொழுதுபோக்கு.

அந்தப் பொழுதுபோக்குக்கு ஊவாவில் எப்படி இடம் கிடைத்தது என்று பார்க்க வேண்டுமானால், ரொஜர்ஸ் வருவதற்கு முன் நடந்த போருக்குப் போக வேண்டும்.

1817 இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். பதுளையில் இருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் அந்த ஆண்டே அம்பு பட்டு இறந்தார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மக்களோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் கண்டியில் அவருடைய தலை வெட்டப்பட்டது. இதற்கிடையில் இராணுவம் வீடுகளை எரித்தது, நெல்லை அழித்தது, கால்நடைகளைக் கொன்றது. சண்டை, பசி, நோய் மூன்றாலும் இறந்த உள்ளூர் மக்கள் பத்தாயிரத்துக்குக் குறையமாட்டார்கள் என்று, அந்தப் படையோடு இருந்த மருத்துவர் ஜோன் டேவி கணித்தார். எதிரித் தரப்பு மருத்துவரின் கணக்கே இது.

ஆட்கள் போன வயலில் காடு ஏறும். காடு ஏறிய இடத்துக்கு யானை வரும். இதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வன்னியில் பல ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பியவர்களைக் கேட்டால் தெரியும். வளவு எது, வாய்க்கால் எது என்று தேடிய இடத்தில் யானை மிதித்த தடம்தான் முதலில் கண்ணில் பட்டது. போர் வெறுமையாக்கிய நிலத்தை முதலில் மீளக் குடியேற்றுவது விலங்குகள். பிறகு அந்த விலங்குகளே மக்களின் எதிரியாக அறிவிக்கப்படும்.

ரொஜர்ஸ் பணியாற்றியது அப்படிப்பட்ட ஊவாவில். அவருடைய படைப்பிரிவில் பெரும்பாலோர் மலாய்ச் சிப்பாய்கள். பெரிய போர் ஓய்ந்துவிட்டது. ஆனால் துவக்கு இருந்தது, மருந்து இருந்தது, குறி தவறாத கை இருந்தது, கேள்வி கேட்க மேலே யாரும் இல்லை. கண்டி அரசர் காலத்தில் யானை அரச உடைமை. அதைக் கொல்வது கடுங்குற்றம். அரசன் போனதோடு அந்தத் தடையும் போயிற்று.

அந்தக் காலத் துவக்கின் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். இரட்டைக் குழல் என்றாலும் இரண்டே வெடிதான். அதனால் வேட்டைக்காரர் சில அடி தூரம் வரை யானையை நெருங்கி, மூளை இருக்கும் இடம் பார்த்துச் சுடுவார். தவறினால் மீண்டும் மருந்திட நேரம் கிடைக்காது. ஆகவே நிரப்பிய துவக்குகளோடு உள்ளூர் ஆட்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். தடம் பார்ப்பவர்களும் அவர்களே. யானை திரும்பினால் முதலில் சாகக்கூடியவர்களும் அவர்களே. ரொஜர்ஸின் பெயரோடு அவர்களில் ஒருவருடைய பெயரும் எழுதப்படவில்லை.

பிரஷ்ய இளவரசர் வல்டெமாரின் மருத்துவராக இலங்கைக்கு வந்த வேர்னர் ஹொஃப்மைஸ்டர், பதுளையில் ரொஜர்ஸின் வீட்டைப் பார்த்திருக்கிறார். விறாந்தை வாசல்களிலும் சாப்பாட்டு அறையின் மூலைகளிலும் தந்தங்கள் நின்றதாக அவர் எழுதினார். அதே குறிப்பில் இன்னொரு தகவலும் உண்டு. கொல்லப்பட்ட அத்தனை யானைகளிலும் தந்தம் உள்ளவை அறுபதுக்குச் சற்று மேல்தான். இலங்கை யானைகளில் தந்தம் உள்ளவை மிகக் குறைவு. அப்படியானால் மீதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தந்தத்துக்காகக் கொல்லப்பட்டவையாக இருக்க முடியாது. ஹொஃப்மைஸ்டரும் அதே 1845 டிசம்பரில், பஞ்சாபில் நடந்த பெரோஸ்ஷா சண்டையில் கொல்லப்பட்டார்.

ரொஜர்ஸைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். ஊவாவில் வீதிகளும் பாலங்களும் வாடிவீடுகளும் அமைப்பதில் அவர் முன்னின்றார். அவரை விரும்பியவர்கள் பலர் இருந்தார்கள். அந்த ஆலயமே அதற்குச் சாட்சி. ஆனால் வீதி திறந்தபோது கோப்பித் தோட்டம் வந்தது. கோப்பியோடு தமிழகத்திலிருந்து எங்கள் மலையக மக்களின் முன்னோர் நடந்து வந்தார்கள். ரொஜர்ஸின் வாழ்க்கையில் வீதியும் துவக்கும் வேறு வேறு கதைகள் அல்ல. இரண்டும் சேர்ந்துதான் இந்த மலையைத் தோட்டமாக்கின.

அவருடைய மரணம் எல்லோரும் சொல்லும் கதை. அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்தபோது பெருமழையும் இடியும். மழை சற்று ஓய்ந்தது போலிருக்க, வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். புயல் போய்விட்டது என்று உள்ளே இருந்தவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே மின்னல் விழுந்தது என்கிறார்கள். உடல் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் அந்தக் கல்லறையையும் மின்னல் தாக்கிக் கல் பிளந்தது. யானைகளின் சாபம் செத்த பிறகும் விடவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

இந்தக் கதையைக் கேட்கும்போது மனதுக்கு ஓர் ஆறுதல் வருகிறது. எனக்கும் வந்தது. போரில் எல்லாவற்றையும் இழந்த வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு, மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது பழக்கமான வாக்கியம். விசாரணை நடக்காத இடத்தில் எங்கள் அம்மாக்கள் கோயில் வாசலில் மண் அள்ளித் தூற்றியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 1845 க்குப் பிறகு என்ன நடந்தது? மின்னல் விழுந்ததால் ஒரு துவக்கும் கீழே வைக்கப்படவில்லை. பயிரைக் காப்பதற்கென்று அரசாங்கமே தலைக்குச் சில ஷில்லிங் வீதம் சன்மானம் கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000. இந்த எண்களையும் டெனன்ட்தான் எழுதி வைத்தார். ரொஜர்ஸைக் கொன்ற மின்னல் ஒரு மனிதரைத்தான் கொன்றது. அவருக்கு அனுமதியும் சன்மானமும் புகழும் கொடுத்த ஏற்பாட்டை அது தொடவேயில்லை. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 1857 இல், ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

அந்த ஏற்பாட்டைத் தடுத்து நிறுத்தியவை சட்டங்கள். மெதுவாக, அரைகுறையாக வந்த சட்டங்கள். அவற்றில் முக்கியமான வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 இல்தான் வந்தது. அதற்குள் மலைநாட்டு யானைகள் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டன. 2011 இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 காட்டு யானைகள் பதிவாகின. இன்று ஊவாவின் தாழ்நிலக் கிராமங்களில் யானைக்குப் பயந்து இரவில் விழித்திருக்கும் விவசாயியும், கட்டுத்துவக்கிலும் வெடி வைத்த காயிலும் சிக்கிச் சாகும் யானையும் இந்தப் பழைய கணக்கின் மிச்சங்கள்.

ஆலயத்தை விட்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ரொஜர்ஸைப் பற்றி இன்று எதையும் சொல்ல முடிகிறதென்றால், யாரோ எண்ணி எழுதி வைத்ததால்தான். இறந்த மக்களை எண்ணியவர் ஒரு படை மருத்துவர், யானைகளை எண்ணியவர் ஓர் அரச அதிகாரி. எங்கள் இழப்புகளை அவர்களைப் போன்றவர்கள் எண்ணித் தருவார்கள் என்று காத்திருக்க முடியாது. சாபம் இடுபவர்கள் இடட்டும். அதோடு பெயரையும் திகதியையும் இடத்தையும் எழுதி வைப்போம். சட்டத்தின் முன் எடுத்து வைக்க அவை வேண்டும்.