திருச்சியில் தோற்ற கவர்னர்

குழந்தைகளே, திருச்சி மலைக்கோட்டையில் ஏறியிருக்கிறீர்களா? உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு முடித்ததும் வடக்குப் பக்கம் எட்டிப் பாருங்கள். கீழே காவிரி ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பால் தென்னை மரங்களுக்கு நடுவே ஸ்ரீரங்கம் கோபுரங்கள் தெரியும். வலப்பக்கம் திருவானைக்காவல். அதையும் தாண்டினால் கொள்ளிடம். தெற்குப் பக்கம் திரும்பினால் பொன்மலை!

நீங்கள் பார்க்கும் இந்த இடங்களில்தான், பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவரின் மிகப் பெரிய கனவு உடைந்து போனது. அவர் பெயர் டூப்ளே. புதுச்சேரியின் கவர்னராக இருந்தவர். வரலாற்றுப் பாடத்தில் இந்தப் பெயரைப் படித்திருப்பீர்கள். இரண்டு வரியில் முடிந்துவிடும் அவரது கதையை இன்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போமா?

ஜோசப் பிரான்சுவா டூப்ளே 1697-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிரான்ஸில் உள்ள லாந்த்ரெசி என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதில் அவருக்குக் கணிதம் என்றால் உயிர். எந்நேரமும் கணக்கும் புத்தகமுமாக இருப்பார். பையன் வியாபாரத்தில் தேறவேண்டும் என்று ஆசைப்பட்ட அப்பா, 1715-ல் அவரைக் கப்பலில் ஏற்றிக் கடல் பயணத்துக்கு அனுப்பினார். அந்தப் பயணம் அவரை மாற்றிவிட்டது. கடலும், தூர தேசமும், வியாபாரமும் அவரை இழுத்துக்கொண்டன.

அப்பா பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அதனால் டூப்ளேக்குப் புதுச்சேரியில் ஆலோசனை சபை உறுப்பினர் பதவி கிடைத்தது. ஆனால் 1726-ல் அவரைக் கம்பெனி பதவியிலிருந்து நிறுத்தி வைத்தது. வேறொருவராக இருந்தால் கப்பலேறி ஊருக்குப் போயிருப்பார். டூப்ளே போகவில்லை. தன் மீது தவறில்லை என்று எழுதிப் போராடினார். நான்கு ஆண்டுகள் கழித்து வென்றார்! வங்காளத்தில் உள்ள சந்திரநாகூரின் தலைவராக நியமிக்கப்பட்டார். தூங்கி வழிந்த அந்த ஊரைச் சில ஆண்டுகளில் சுறுசுறுப்பான துறைமுகமாக்கிக் காட்டினார்.

அங்கேதான் 1741-ல் ஜீன் என்ற அம்மையாரை மணந்தார். ஜீன் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் தெரிந்தவர். அதனால் நம் நாட்டு அரசர்களோடும் நவாபுகளோடும் கணவர் நடத்திய பேச்சுகளுக்கு அவர் பெரிய துணையாக இருந்தார்.

1742-ல் டூப்ளே புதுச்சேரி கவர்னர் ஆனார்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கவர்னர் என்றால் ராஜா இல்லை. அப்பாவுக்குப் பின் மகன் என்று அந்தப் பதவி வராது. பாரீஸில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி ஒருவரை அனுப்பும். வேண்டாம் என்றால் திருப்பி அழைத்துக்கொள்ளும். புதுச்சேரியை வளர்த்த பிரான்சுவா மார்ட்டின் 1706-ல் இறந்தார். அவருக்குப் பின் பலர் வந்து போனார்கள். 1735 முதல் 1741 வரை தூமா கவர்னராக இருந்தார். அவர் எழுந்த நாற்காலியில்தான் டூப்ளே வந்து அமர்ந்தார். சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியின் கவர்னர்களுக்கும் இதே கதைதான்.

கடிதம் போவது எப்படித் தெரியுமா? பாய்மரக் கப்பலில்! ஒரு கடிதம் பாரீஸ் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பதில் வருவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். ஆகவே அன்றாடம் நடப்பதைக் கவர்னர்தான் முடிவு செய்ய வேண்டும். அனுமதி கேட்டுக் காத்திருக்க முடியாது. டூப்ளேயின் பலமும் இதுதான். பிறகு அவரைக் கவிழ்த்ததும் இதுதான்.

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. அங்கே ஆங்கிலேய கவர்னராக இருந்த மோர்ஸ் கைதியாகப் புதுச்சேரிக்கு அழைத்து வரப்பட்டார். 1748-ல் ஆங்கிலேயர்கள் பெரும்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். டூப்ளே அசரவில்லை. கோட்டையைக் காப்பாற்றினார். அந்த முற்றுகை நேரத்தில்தான் புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊர் மக்கள் மனம் உடைந்து போனார்கள். டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது இரு தரப்புக்கும் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, இதையெல்லாம் தன் தினக்குறிப்பில் தமிழில் எழுதி வைத்தார். அதனால்தான் அந்த நாட்கள் இன்றைக்கும் நமக்குத் தெரிகின்றன.

பிறகு ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. சென்னையை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று. பட்ட பாடெல்லாம் வீண்! டூப்ளே யோசித்தார். நேரடியாகச் சண்டை போட்டால்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? நம் நாட்டு நவாபுகளுக்குள் சண்டை வரும்போது ஒருவருக்குப் படை கொடுத்து உதவினால்? அவர் ஜெயித்து, நன்றிக்கடனாக நிலமும் வரியும் தருவார் அல்லவா?

அதற்குத் தகுந்த ஆள் ஒருவர் கிடைத்தார். அவர்தான் சந்தா சாகிபு. அவருக்கும் திருச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. திருச்சியை ஆண்ட கடைசி நாயக்க அரசி மீனாட்சி. அவரை வஞ்சித்துக் கோட்டையைப் பிடித்தவர் இந்த சந்தா சாகிபுதான். 1741-ல் மராத்தியர்கள் திருச்சியைப் பிடித்து அவரைச் சிறை கொண்டு போனார்கள். அவர் குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுத்தது புதுச்சேரி.

விடுதலையாகி வந்த சந்தா சாகிபு, 1749-ல் டூப்ளேயின் படை உதவியோடு ஆம்பூரில் போரிட்டார். ஆற்காடு நவாப் அன்வருதீன் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி தப்பி ஓடி வந்து ஒளிந்துகொண்ட இடம் எது தெரியுமா? நம் திருச்சிக் கோட்டை!

சந்தா சாகிபு நவாப் ஆனார். ஐதராபாத்திலும் டூப்ளேக்கு வேண்டியவரே நிஜாம் ஆனார். டூப்ளேக்குப் பட்டங்கள் குவிந்தன. செஞ்சிக்கு அருகே தன் பெயரில் ஓர் ஊரையே எழுப்பத் தொடங்கினார். தென்னிந்தியாவில் அவருக்கு நிகர் யாருமில்லை என்ற நிலை. ஒரே ஒரு குறை மட்டும் பாக்கி. திருச்சி!

முகமது அலி கோட்டைக்குள் இருக்கும்வரை சந்தா சாகிபு முழு நவாப் இல்லை. 1751-ல் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் திருச்சியைச் சூழ்ந்தன. அப்போது ராபர்ட் கிளைவ் என்ற 25 வயது இளைஞர் ஆங்கிலேயருக்கு ஒரு யோசனை சொன்னார். எதிரியின் படை முழுவதும் திருச்சியில் நிற்கிறது. அவர்களின் தலைநகரமான ஆற்காடோ காலியாகக் கிடக்கிறது. 200 ஆங்கிலேய வீரர்களோடும் 300 சிப்பாய்களோடும் போய் ஆற்காட்டைப் பிடித்தார் கிளைவ். அதை மீட்கச் சந்தா சாகிபு திருச்சியிலிருந்து ஒரு படையைப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார் கிளைவ்.

1752-ல் லாரன்ஸ் என்ற தளபதியும் கிளைவும் திருச்சிக்கே வந்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி லா பயந்துபோனார். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் படையோடு புகுந்துகொண்டார். இருபுறமும் ஆறு, உயர்ந்த கோயில் மதில்கள். இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று நினைத்தார்.

ஆனால் தீவுக்குள் இருப்பவருக்குச் சோறு எங்கிருந்து வரும்? புதுச்சேரியிலிருந்து வரவேண்டும், கொள்ளிடத்தைத் தாண்டி வரவேண்டும். கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் பாசறை அமைத்து அந்த வழியை அடைத்தார். டூப்ளே புதுச்சேரியிலிருந்து அவசரமாக ஒரு படையை அனுப்பினார். அது வாலிகண்டபுரம் வரை வந்து, அங்கேயே சரணடைந்தது. 1752 ஜூன் மாதம், லா தன்னிடம் இருந்த சுமார் 800 ஐரோப்பிய வீரர்களோடும் 2000 சிப்பாய்களோடும் சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதியின் வாக்கை நம்பிச் சென்ற சந்தா சாகிபு கொல்லப்பட்டார்.

இதோடு டூப்ளே ஓய்ந்தாரா? இல்லை! அவருடைய பிடிவாதத்தைப் பாருங்கள். தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் புதிய படை திரட்டினார். மைசூர்ப் படைத்தலைவர் நஞ்சராஜருக்கு முகமது அலி மேல் கடும் கோபம். உதவி செய்தால் திருச்சியைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் ஏமாற்றியிருந்தார் முகமது அலி. நஞ்சராஜரை டூப்ளே தன் பக்கம் இழுத்தார். திருச்சி மீண்டும் முற்றுகைக்குள் வந்தது. 1753-ல் பொன்மலை அடிவாரத்தில் கடும் போர். இன்று ரயில்வே பணிமனை இருக்கிறதே, அந்தப் பொன்மலைதான். லாரன்ஸ் வென்றார்.

அதே ஆண்டு நவம்பரில் ஒரு நள்ளிரவு. பிரெஞ்சு வீரர்கள் ஏணி வைத்துத் திருச்சிக் கோட்டையின் வெளிமதிலில் ஏறிவிட்டார்கள். காவலர்கள் தூக்கத்தில். துப்பாக்கி சுடக்கூடாது, சத்தமே வரக்கூடாது என்பது கட்டளை. ஆனால் மதிலைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில், அங்கிருந்த பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்து ஆர்ப்பரித்தார்கள்! கோட்டை முழுவதும் விழித்துக்கொண்டது. உள்மதிலில் ஏற முடியாமல், இரண்டு மதில்களுக்கும் இடையே சிக்கிக்கொண்டவர்கள் விடிந்ததும் கைதிகள்.

இத்தனை போரிலும் திருச்சி மக்கள் என்ன ஆனார்கள்? வயல்கள் பாழாயின. கடையில் அரிசி இல்லை. இருந்த கொஞ்சமும் யானை விலை. மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போனார்கள். எந்த நவாப் ஜெயித்தால் அவர்களுக்கு என்ன? அவர்களை யாரும் கேட்கவில்லை.

1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் சமாதானப் பேச்சு நடந்தது. முகமது அலியை நவாபாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது சென்னை. தனக்குக் கிடைத்த பட்டங்களை விட்டுத்தர மாட்டேன் என்று நின்றார் டூப்ளே. பேச்சு முறிந்தது.

அவருக்குத் தெரியாமல் ஒரு கப்பல் பிரான்ஸிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் லா சரணடைந்த செய்தி மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து பாரீஸை எட்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் கேட்டது லாபம். அவர்களுக்கு வந்ததோ செலவுக் கணக்கு. 1754 ஆகஸ்டில் புதிய கவர்னர் கோதேயூ புதுச்சேரியில் வந்து இறங்கினார். கையில் மன்னரின் ஆணை! பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்த நாற்காலியை விட்டு டூப்ளே எழுந்தார். அக்டோபரில் கப்பலேறினார்.

கோதேயூ ஆங்கிலேயரோடு தற்காலிக சமாதானம் செய்துவிட்டு, சில மாதங்களிலேயே திரும்பிப் போனார். சென்னை கவர்னர் சாண்டர்ஸும் அதே ஆண்டு, 1755-ல், ஊர் திரும்பினார். புதுச்சேரிக்கு லெரி வந்தார். பிறகு லாலி வந்தார். 1761-ல் ஆங்கிலேயரிடம் புதுச்சேரியைப் பறிகொடுத்த லாலிக்கு, 1766-ல் பாரீஸில் மரண தண்டனையே கிடைத்தது.

டூப்ளேயின் கதை என்ன ஆயிற்று? போருக்காகப் போட்ட சொந்தப் பணத்தைக் கேட்டுக் கம்பெனியோடு வழக்காடினார். கம்பெனி தரவில்லை. 1756-ல் மனைவி ஜீன் இறந்தார். கடன்காரர்கள் சூழ்ந்தார்கள். 1763 நவம்பரில் பாரீஸில் வறுமையில் இறந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களே அவருக்குப் புதுச்சேரியில் சிலை வைத்தார்கள். புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனால் பார்க்கலாம். அவர் கப்பலேறியது 1754-ல். சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1954 நவம்பர் முதல் நாள், புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது.

குழந்தைகளே, டூப்ளே சோம்பேறி இல்லை, கோழை இல்லை, முட்டாளும் இல்லை. விழுந்தால் எழும் குணம் அவரிடம் நிறைய இருந்தது. அதை நாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர் அமர்ந்திருந்தது இரவல் நாற்காலி. அதைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், யாருடைய ஊரையோ பந்தயமாக வைத்து ஆடினார்.

உங்கள் வகுப்பில் நீங்கள் தலைவராக இருக்கலாம். விளையாட்டு அணிக்குக் கேப்டனாக இருக்கலாம். அடுத்த வருடம் வேறொருவர் வருவார். நீங்கள் இருந்த நாளில் மற்றவர்களுக்கு நல்லது நடந்ததா என்பதுதான் பேசப்படும்.

அடுத்த முறை மலைக்கோட்டை ஏறும்போது, அரிசிக்கு அலைந்து ஊரை விட்டுப் போன அந்த மக்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். கவர்னர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அவர்கள் பெயர் எதிலும் இல்லை. ஆனால் போர் ஓய்ந்தபின் திரும்பி வந்து, வயலை உழுது, கடையைத் திறந்து, இந்த ஊரை மறுபடி ஊராக்கியவர்கள் அவர்கள்தான்!