பல் டாக்டர் எழுதிய கௌபாய் காதல்

படிச்சது ஒண்ணு, செய்ய ஆசைப்படுறது இன்னொண்ணு. நம்ம கேம்பஸில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் ஒருத்தருக்கும் இதே பிரச்சினைதான். அவர் பல் டாக்டர். பெயர் ஸேன் கிரே. குதிரை, துப்பாக்கி, பாலைவனம், நடுவில் ஒரு காதல். இந்த மாதிரி வெஸ்டர்ன் ரொமான்ஸ் நாவல்களை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர்.

1872 ஜனவரி 31 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ஸேன்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அம்மா வழி முன்னோர் உருவாக்கிய ஊர் அது. வீட்டில் வைத்த பெயர் பேர்ல், அதாவது முத்து. பொண்ணு பெயர் மாதிரி இருக்குன்னு பின்னாளில் அதை விட்டுவிட்டார். அப்பா பல் டாக்டர், ரொம்பக் கண்டிப்பு. பதினைந்து வயதில் பையன் எழுதிய முதல் கதையை அப்பா கிழித்துப் போட்டு, அடியும் கொடுத்தார். அப்புறம் குடும்பத்தில் பணக்கஷ்டம் வந்தது. பையனும் அப்பாவுக்கு உதவியாகப் பல் பிடுங்கப் பழகினான்.

காலேஜ் சீட் கிடைத்தது மார்க்கால் இல்லை, பேஸ்பாலால். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. 1896ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கி, நியூயார்க்கில் கிளினிக் திறந்தார். பகலில் நோயாளிகளின் வாய், ராத்திரியில் பேப்பரும் பேனாவும். கொஞ்சம் லீவு கிடைத்தாலும் டெலவேர் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார்.

1900ல் அந்த ஆற்றங்கரையில், லாக்கவாக்ஸன் என்ற இடத்தில், லீனா ரோத் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவளுக்கு 17, இவருக்கு 28. டாலி என்று செல்லப்பெயர் வைத்தார். 1903ல் முதல் நாவல் 'பெட்டி ஸேன்' வந்தது. முற்றுகையில் இருந்த கோட்டைக்குள் வெடிமருந்தைச் சுமந்துகொண்டு ஓடியதாகச் சொல்லப்படும் தன் குடும்பத்துப் பெண்ணின் கதை. சொந்தச் செலவில்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது.

1905ல் கல்யாணம். கிளினிக்கை மூடிவிட்டு லாக்கவாக்ஸனுக்கே குடிபோனார்கள். வருமானம் கிட்டத்தட்ட இல்லை. டாலிக்குக் குடும்பச் சொத்தாக வந்த பணம்தான் கை கொடுத்தது. ஆசிரியர் வேலைக்குப் படித்த டாலி, கணவரின் கையெழுத்துப் பிரதியில் இலக்கணம் திருத்தி, கமா, புள்ளி வைத்து, சுத்தமாக நகல் எடுத்துக் கொடுத்தார்.

1907ல் பஃபலோ ஜோன்ஸ் என்ற பழைய வேட்டைக்காரரோடு அரிசோனாவுக்குப் போனார் கிரே. கிராண்ட் கேன்யன் பக்கத்தில் மலைச்சிங்கங்களைக் கயிறு வீசி உயிரோடு பிடிக்கும் வேலை. அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதி ஹார்ப்பர் பதிப்பகத்திடம் கொண்டுபோனார். உங்களுக்குக் கதை சொல்ல வரும் என்பதற்கு இதில் ஒரு அடையாளமும் இல்லை என்று எடிட்டர் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டார். வயது 35, தொழிலையும் விட்டாச்சு. வேற யாராவது இருந்தா மறுபடி கிளினிக்கைத் திறந்திருப்பாங்க. இவர் இன்னொரு நாவல் எழுத உட்கார்ந்தார்.

அதுதான் 1910ல் அதே ஹார்ப்பர் வெளியிட்ட 'தி ஹெரிட்டேஜ் ஆஃப் தி டெசர்ட்'. 1912ல் 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' வந்தது. இன்றைக்கும் அவர் பெயர் சொன்னால் முதலில் ஞாபகம் வரும் புத்தகம் இது. கதை நடப்பது 1871ல், யூட்டா மாநிலப் பக்கம். ஜேன் என்ற மார்மன் பெண்ணுக்குப் பெரிய பண்ணை சொந்தம். சபைப் பெரியவர் ஒருத்தர் அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிறார். அவள் மறுக்கவும், ஒவ்வொன்றாக எல்லாம் பறிபோகிறது. அப்போது லாஸிட்டர் என்ற துப்பாக்கிக்காரன் வருகிறான். கடைசியில் மலை உச்சியில் நிற்கும் பாறையை அவன் உருட்டிவிட, துரத்தி வருபவர்களின் வழி அடைபட்டுப் போகிறது. அவனும் ஜேனும் ஒரு குழந்தையும் உள்ளே இருக்கும் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடுகிறார்கள். வெளி உலகத்துக்குத் திரும்ப வழி கிடையாது.

இதில் அப்படி என்னதான் இருக்கு? காலத்தைப் பாருங்க. குடியேற்றம் எட்டாத எல்லை என்று இனி ஒன்று இல்லை என 1890 சென்சஸ் அறிவித்துவிட்டது. 1920 சென்சஸில் முதல் முறையாக அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள். ஆபீஸ், மில், அடுக்குமாடி என்று அடைபட்டவர்களுக்குத்தான் கிரே அடிவானம் வரைக்கும் விரிந்த நிலத்தை விற்றார். 'தி கால் ஆஃப் தி கேன்யன்' நாவலில் முதல் உலகப்போரில் உடைந்துபோய்த் திரும்பிய ஒருவன் அரிசோனாவில் தேறுகிறான். அவனைத் தேடி வரும் நியூயார்க் காதலிக்கு அந்த மண் முதலில் பிடிக்கவே இல்லை. பணமும் அந்தஸ்தும் செல்லாத இடத்தில் நீ யார், உன் காதல் தாங்குமா? அவருடைய பல நாவல்களில் இந்தக் கேள்விதான் கதை. நகரத்து வாசகர்கள் தங்களிடமே கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனா அந்த நிலம் காலியா கிடந்த நிலம் இல்லை. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்தவர்களுக்கு நவஹோ மக்களைத் தெரிந்திருக்கும். அவர்களைப் பற்றி கிரே எழுதிய 'தி வேனிஷிங் அமெரிக்கன்' முதலில் பத்திரிகைத் தொடராக வந்தது. பூர்வகுடி நாயகனும் வெள்ளைக்காரப் பெண்ணும் சேர்வது பதிப்பகத்துக்கு ஒத்துவரவில்லை. 1925ல் புத்தகமாக வந்தபோது நாயகன் செத்துப்போகிறான். எவ்வளவு பெரிய பாலைவனமா இருந்தாலும் அந்தக் காதலுக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

இன்னொரு முரண் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாவலில் உயிரைக் கொடுக்கும் ஒரே காதல். நிஜத்தில் வருஷத்தில் பல மாதம் பயணம், மீன்பிடிப்பு, கூடவே வேறு பெண் துணைகள். டாலிக்கு இது தெரியும். மூன்று பிள்ளைகள், வீடு, பதிப்பகப் பேச்சுவார்த்தை, சினிமா உரிமை எல்லாம் டாலி தலையில். வருமானத்தில் சரிபாதி அவருக்கு. குடும்பச் செலவும் அந்தப் பாதியிலிருந்துதான். கிரே மனச்சோர்வில் மாதக்கணக்கில் முடங்கிய காலங்களும் உண்டு. அப்போதும் கடிதம் போனது டாலிக்குத்தான். காத்திருந்து தாங்கும் காதலை அவர் எழுதினார். அந்த வீட்டில் அதை வாழ்ந்தது யார் என்று பார்த்தால் டாலிதான்.

1939 அக்டோபர் 23 அன்று கலிஃபோர்னியாவில் அல்டடினா வீட்டில் கிரே இறந்தார். ஹார்ப்பரிடம் சேர்ந்திருந்த பிரதிகள் 1963 வரை புதுப் புத்தகங்களாக வந்துகொண்டே இருந்தன. டாலி 1957ல் இறந்தார். இரண்டு பேர் அஸ்தியும் இருப்பது அரிசோனா பாலைவனத்தில் இல்லை. முதன்முதலில் சந்தித்த லாக்கவாக்ஸனில்தான், டெலவேர் ஆற்றுக்குப் பக்கத்தில்.