இசைமேதை ஷோப்பானும் நான்காம் பிரெலூடும்

மேலைநாட்டு இசை வரலாற்றில், பியானோ என்னும் ஒரே கருவிக்குத் தம் வாழ்நாள் உழைப்பை ஏறத்தாழ முழுவதும் ஈந்தவர் பிரெடெரிக் ஷோப்பான். போலந்தின் வார்சா நகரை அடுத்த ஷெலாசோவா வோலா என்னும் சிற்றூரில் 1810ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு மொழி ஆசிரியர். தாயார் போலந்துப் பெண்மணி. ஏழாம் வயதிலேயே இவர் இயற்றிய இசையொன்று அச்சேறியது என்றால், மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1830 நவம்பரில், தம் இருபதாம் வயதில், இவர் வியன்னாவுக்குப் புறப்பட்டார். அவர் நீங்கிய சில வாரங்களிலேயே உருசிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி வார்சாவில் மூண்டது. மறு ஆண்டில் ஒடுக்கவும்பட்டது. 1831இல் பாரிசை அடைந்த ஷோப்பான் அதன்பின் தாய்மண்ணை மிதிக்கவே இல்லை. பேரரங்குகளில் வாசிப்பதை அவர் விரும்பினாரல்லர். செல்வர் இல்லங்களில் மெல்ல வாசித்தும், மாணவர்க்குக் கற்பித்தும் வாழ்ந்தார்.

நெஞ்சக நோய் அவரை இளமையிலேயே பற்றிக்கொண்டது. வெயிலும் கடற்காற்றும் நலந்தரும் எனக் கருதி, 1838ஆம் ஆண்டின் இறுதியில், எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுடனும் அவருடைய இரு மக்களுடனும் ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவுக்குச் சென்றார். கிடைத்ததோ மழையும் குளிரும். நோய் எலும்புருக்கி என்று அறிந்த வீட்டுக்காரர், தொற்றுக்கு அஞ்சி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வால்தெமோசாவில் துறவிகள் நீங்கிய பழைய மடமொன்றின் அறைகளே புகலிடமாயின. பாரிசிலிருந்து அனுப்பப்பெற்ற பிளேயல் பியானோ சுங்கத் தடைகளைக் கடந்து 1839 ஜனவரியில்தான் கைக்கு எட்டியது. அதுவரை உள்ளூரில் கிடைத்த எளிய கருவியே துணை. இந்நிலையில்தான் 24 பிரெலூடுகள் அடங்கிய தம் 28ஆம் படைப்பை அவர் முடித்தார். இத்தொகுதியில் பெரும்பகுதி முன்னரே உருவாகியிருந்தது. நான்காவது பிரெலூடு அத்தீவில் எழுதப்பெற்றதென்பது ஆய்வாளர் கருத்து.

இந்நான்காம் பிரெலூடு 25 ஆவர்த்தங்களே கொண்டது. வாசித்து முடிக்க இரண்டு நிமிடம் போதும். இதன் சுருதி ஈ மைனர். மைனர் அளவை நம் நடபைரவியின் சுர வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பியானோ கேட்டறியாதவர்க்கும் அதன் சாயல் ஓரளவு புலப்படும். வலக்கை இசைப்பது பாட்டு. அதுவும் பெரிய பாட்டன்று: ஒரு சுரத்தில் நெடிது நின்று, அடுத்திருக்கும் சுரத்தைத் தொட்டு, நின்ற இடத்துக்கே மீள்கிறது. மீண்டும் மீண்டும் இதுவே. இடக்கையோ மும்மூன்று சுரங்களை ஒருங்கே அழுத்தி ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கிறது. அச்சுரக்கூட்டிலிருந்து ஒரு சுரம் அரைச்சுரம் இறங்குகிறது. பின்னர் இன்னொன்று இறங்குகிறது. மேலே பாட்டு அசையாதிருக்க, அதன் காலடி நிலம் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போகிறது. இப்பிரெலூடின் துயரம் முழுவதும் இந்தத் தாழ்விலேதான் இருக்கிறது என்பேன்.

இதன் தலைப்பில் ஷோப்பான் குறித்த காலம் லார்கோ. விரிவு, நிதானம் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல் அது. இதைக் கண்டு, நோயாளியின் மூச்சுப்போல இழுத்து இழுத்து வாசிப்போர் பலர். ஆனால் தாளக் குறியையும் உடன் நோக்க வேண்டும். ஆவர்த்தத்திற்கு நான்கு எண்ணிக்கையன்று, இரண்டே எண்ணிக்கை என அங்குக் குறிக்கப்பட்டுள்ளது. எனவே இது மெதுவாயினும் நடை தளராத இசை. ஹான்ஸ் வான் பியூலோ என்னும் ஜெர்மானியக் கலைஞர் பின்னாளில் இதற்கு மூச்சுத் திணறல் எனப் பெயரிட்டார். ஷோப்பானோ தம் பிரெலூடு எதற்கும் பெயர் சூட்டியவரல்லர். பெயரிட்டவர் நோயைக் கேட்டார்; இசையைக் கேட்டாரா என்பது ஐயமே. நடுவே ஒரே ஓரிடத்தில் பாட்டு விரைந்து உரத்து எழுகிறது; உடனே தணிகிறது. இறுதியில் ஒரு நெடிய மௌனம். அதன்பின் மிகத் தாழ்ந்த குரலில் மூன்று சுரக்கூட்டுகள், அவ்வளவே. ஒருமுறை மட்டும் வாய்விட்டு அரற்றி அடங்கும் இவ்வளவறிந்த அழுகையை நம் கையறுநிலைப் பாடல்களில் தோய்ந்தவர் எளிதில் இனங்காண்பர்.

மயோர்க்காவிலிருந்து 1839 பிப்ரவரியில் மேலும் நலிந்தே திரும்பினார். அதே ஆண்டில் பிரெலூடுகள் அச்சில் வெளிவந்தன. சாண்டுடனான உறவு 1847இல் முறிந்தது. அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சி 1848 நவம்பரில் இலண்டன் கில்டுஹாலில், போலந்து ஏதிலியர் நிதிக்காக நடந்தது. நிற்கவும் வலுவற்றிருந்த காலம் அது.

1849 அக்டோபர் 17ஆம் நாள், 39ஆம் வயதில், பாரிசில் காலமானார். உடல் அந்நகரின் பேர் லாசேஸ் இடுகாட்டில் அடங்கியது. இதயத்தைத் தமக்கையார் லுத்விகா வார்சாவுக்கு எடுத்துச் சென்றார். அங்குத் திருச்சிலுவை ஆலயத் தூண் ஒன்றினுள் அது வைக்கப்பட்டுள்ளது.

அக்டோபர் 30ஆம் நாள் மதலேன் ஆலயத்தில் நிகழ்ந்த இறுதிச் சடங்கில் மோட்சார்ட்டின் இரங்கல் இசையோடு இந்நான்காம் பிரெலூடும் ஒலித்தது. ஆனால் பியானோவில் அன்று, ஆர்கனில். பியானோவில் அழுத்திய சுரம் அக்கணமே தேயத் தொடங்கும். வலக்கையின் நெடுஞ்சுரம் ஒவ்வொரு முறையும் நம் செவியிலேயே மெலிந்து மறையும். ஆர்கனிலோ, விரல் கட்டையைவிட்டு எழும்வரை காற்று நிற்பதில்லை, சுரமும் தேய்வதில்லை. அன்று அங்குக் கூடியிருந்தோர் கேட்டது அந்தத் தேயாத சுரத்தை.