விண்மீனின் வெப்பம் கண்ட மேகநாத சாகா

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை யாம் சிலர் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்த சாலையோரத்தில் நின்றிருந்தோம். 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியில், கொப்பரையிலிட்ட நெய்யினின்றும் பெருஞ்சுடர் எழுந்தது. சாலையில் நின்ற மக்கள் யாவரும் ஒருங்கே கைகுவித்தனர். யாம் வேறு சமயத்தினராயினும் அவ்வேளையில் வாய் பேசாது நின்றோம். எம்முடன் வந்திருந்த பௌதிக மாணவர், சுடரைச் சூழ்ந்த காற்று வெப்பத்தால் விரிந்து இலேசாகி மேலெழுவதை விளக்கினார். பின்னர், அணுக முடியாத தீயொன்றின் சூட்டை அதன் ஒளியைக் கொண்டே அறிதல் கூடுமோ என்று எம்மை வினவினார். தமிழ் பயிலும் எமக்கு விடை தெரியவில்லை. அதனைத் தேடிச் சென்ற விடத்துக் கிடைத்தது ஒரு பெரியாரின் வரலாறு. அதனையே ஈண்டு நம் கல்லூரி அன்பர்க்குச் சுருங்க உரைக்கின்றோம்.

மேகநாத சாகா, வங்காளத்தில் டாக்காவைச் சார்ந்த சியோராதலி என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜகந்நாத சாகா சிறு மளிகைக்கடை ஒன்றை நடத்தி வந்தார். மக்கள் எண்மருள் ஐந்தாமவர் மேகநாதர். தொடக்கக் கல்வி முடிந்ததும் அவரைக் கடையில் அமர்த்துவதே தந்தையாரின் எண்ணம். தமையனார் பரிந்து முயன்றமையால், பள்ளிக்கூடமுள்ள வேற்றூரில் அனந்த குமார தாஸ் என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் உண்டியும் உறையுளும் தந்து உதவினார். ஆயினும், அக்காலச் சாதி வழக்கின்படி, சிறுவர் தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவுதல் வேண்டும். பசுவையும் பேணுதல் வேண்டும். இவற்றைச் செய்துகொண்டே பயின்ற மேகநாதர் தேர்வில் மாவட்டத்தின் முதல்வராய்த் தேறி உபகாரச் சம்பளம் பெற்றார்.

1905-ஆம் ஆண்டில் டாக்கா அரசினர் பள்ளியிற் சேர்ந்தார். வங்கப் பிரிவினையால் நாடெங்கும் மனம் கொதித்திருந்த காலம் அது. ஆளுநர் பள்ளிக்கு வந்தபோது மாணவர் சிலர் எதிர்ப்புக் காட்டினர். அவருள் மேகநாதரும் ஒருவர். அதன் பயனாகப் பள்ளியையும் உபகாரச் சம்பளத்தையும் ஒருங்கே இழந்தார். வேறொரு பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. மிஷன் கல்லூரியில் பயிலும் நமக்கு இனிமை பயக்கும் செய்தியொன்று இவ்விடத்து உண்டு. அவர் அந்நகரத்துப் பாப்டிஸ்ட் மிஷனாரின் வேத வகுப்புக்குச் சென்று, வங்கம் முழுமைக்கும் நடந்த வேதாகமத் தேர்வில் முதல்வராகத் தேறி 100 ரூபாய் பரிசு பெற்றார். மாதம் சில ரூபாய்களில் வாழ்ந்த மாணவர்க்கு அஃது எத்துணைப் பெரிய தொகை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1911-இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியை அடைந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர். சத்தியேந்திரநாத போஸ் உடன் பயின்றவர். இத்துணை அறிவொளி சூழ்ந்த இடத்திலும், விடுதி உணவறையில் உயர்குலத்தார் எனப்பட்ட மாணவர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். கணிதத் தேர்வில் போஸ் முதல்வர், சாகா இரண்டாமவர். அறிவின் பந்தியில் இரண்டாமிடம் பெற்றவர்க்குச் சோற்றுப் பந்தியில் இடமில்லை. இதனை எழுதுங்கால் எம் கை சற்றே தயங்குகின்றது.

இனி, அவர் ஆராய்ந்த பொருளைக் காண்போம். ஒரு வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வருந்தொகை, அவ்வாயுவின் வெப்பநிலைக்கு நேராகக் கூடிக் குறையும். இவ்வெப்பநிலை, பனிக்கட்டி உருகும் நிலைக்கு 273 பாகை கீழிருந்து எண்ணப்படுவது. இவ்விதி முழுதும் பொருந்துவது இலட்சிய வாயு ஒன்றுக்கே. அதன் மூலக்கூறுகள் தமக்கென இடம் அடைப்பதில்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதுமில்லை. அத்தகைய வாயு உலகில் யாண்டும் இல்லை. உண்மை மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டாதலின், இவ்விதியை எவ்வாறு திருத்தல் வேண்டும் என்று சாகாவும் போசும் சேர்ந்து ஆராய்ந்து, 1918-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அப்போது இருவரும் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் இளம் ஆசிரியர்கள்.

உண்மை வாயுக்கள் அடர்த்தி குறைந்தும் வெப்பம் மிக்கும் இருக்குங்கால் இலட்சிய வாயுவைப் பெரிதும் ஒத்து நடக்கும். அத்தகைய வாயு சூரியனின் மேலுறையில் உண்டு. 1904 முதல் நம் கோடைக்கானல் வான்நோக்கு நிலையத்தார் கால்சியத்தின் ஒளியிலே சூரியனைப் படம் எடுத்து வந்தனர். அவ்வொளியைத் தருவது எலெக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சிய அணு. சூரியனின் மேலடுக்குகளில் இவ்வாறு இழந்த அணுக்களே மிக்கிருந்தன. மேலே வெப்பம் மிகுதி என்று கருதுதற்கு அக்கால அறிஞர்க்குச் சான்றில்லை. அங்ஙனமாயின் அவ்வணுக்கள் எலெக்ட்ரானை இழந்தது எவ்வாறு? அறிஞர் திகைத்தனர்.

சாகா விடை கண்டார். செருமானியராகிய எக்கர்ட் 1919-இல் எழுதிய கட்டுரையொன்று அவருக்கு வழிகாட்டிற்று. அணுவினின்றும் பிரிந்த எலெக்ட்ரான்களையும் ஒரு வாயுவென்றே கொண்டார்; பிரிவையும் சேர்க்கையையும் ரசாயன மாற்றம்போல் கணக்கிட்டார். வெப்பம் மிகுந்தால் பிரிவு மிகும். அழுத்தம் குறைந்தாலும் பிரிவு மிகும் என்பது பெறப்பட்டது. தீபத்தன்று கண்டதைக் கொண்டு இதனை விளக்குவோம். மலையடிவாரத்துக் கூட்டத்தில் துணையை இழந்தவன் அக்கணமே வேறொரு துணையைப் பெறுவான். ஆளில்லா மலைப்பாதையில் இழந்தவனோ நெடுநேரம் தனித்தே நடப்பான். அவ்வாறே, அழுத்தம் குறைந்த மேலடுக்கில் பிரிந்த எலெக்ட்ரான் தன்னை ஏற்கும் அணுவை எளிதிற் சந்திப்பதில்லை. ஆதலின் கால்சிய அணுக்கள் இழந்தபடியே நிற்கின்றன.

இக்கட்டுரை 1920-இல் வெளிவந்தது. சாகாவுக்கு அப்பொழுது வயது 27. பின்னர் இலண்டனில் பௌலரிடத்தும் பெர்லினில் நெர்ன்ஸ்டிடத்தும் ஆய்வைத் தொடர்ந்தார். விண்மீனின் ஒளிப்பட்டையில் எவ்வணுக்களின் கோடுகள் உள்ளன, அவை எத்துணை வன்மையுடையன என்று நோக்கி, சிவந்த மீன் ஏறத்தாழ 3,000 பாகை, நீலம் பாய்ந்த மீன் 20,000 பாகைக்கும் மேல் என்று வகுத்தல் இவ்விதியால் இயல்வதாயிற்று. 1925-இல் சிசிலியா பெய்ன் என்னும் நங்கையார் இவ்விதியைக் கையாண்டே, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் ஆனவை என்று கண்டார். எம் தோழரின் வினாவுக்கு விடை இதுவே.

சாகா 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியராய் இருந்தார். 1927-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. பின்னர்க் கல்கத்தா திரும்பி, 1950-இல் அணுக்கரு ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார். அஃது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. கிழக்கு வங்கத்தின் வெள்ளக் கொடுமையை இளமையிற் கண்டவராதலின், ஆற்றுத் திட்டங்களைக் குறித்து ஓயாது எழுதினார். 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவ்வாண்டே நாட்டிற் பலவாறாக வழங்கிய பஞ்சாங்கங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் டில்லியில், திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் விழுந்து உயிர் நீத்தார். அவர் குழு வகுத்த தேசிய நாட்காட்டி மறு ஆண்டு மார்ச்சு 22 முதல் வழக்கிற்கு வந்தது.

அன்பர்காள்! எண்ணுதற்கும் எட்டாத் தொலைவிலுள்ள விண்மீனை அதன் ஒளியால் அறிந்துகொள்ளல் எளிதாயிற்று. ஒரே கூரையின்கீழ்த் தம்முடன் உறைந்த தோழரை அறிந்துகொள்ளல் அவ்விடுதி மாணவர்க்கு அரிதாயிற்று. வாயுவின் விதி அணுவுக்கு அணு குலம் வினவுவதில்லை. நம் உணவறையில் நாளை நாம் அமருங்கால், நம் பக்கத்து இருக்கை யாருக்காகவேனும் வெறுமையாய் விடப்பட்டுள்ளதா என்று ஒருமுறை திரும்பி நோக்குவோமாக.