க்ரோன் நோய்: பெயர் கொடுத்த டாக்டரும் பிடிபடாத பாக்டீரியாவும்

அடிக்கடி வயிற்றுவலி, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, காரணமே இல்லாமல் எடைக் குறைவு. கொலோனோஸ்கோப்பி முடிந்ததும் டாக்டர் சந்தேகப்படும் நோய்களில் ஒன்று க்ரோன். பெரும்பாலும் இளம் வயதில்தான் தொடங்குகிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார்? நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியாவா?

யார் இந்த க்ரோன்?

பர்ரில் க்ரோன் 1884-ல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள். அப்பாவுக்குத் தீராத அஜீரணக் கோளாறு. அதைப் பார்த்துத்தான் இவர் மருத்துவம் படிக்கப் போனார்னு சொல்வார்கள். 1907-ல் கொலம்பியாவில் பட்டம் வாங்கி, மவுண்ட் சினாய் மருத்துவமனையில் சேர்ந்தார்.

1932-ல் என்ன நடந்தது?

சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கித் தடித்துப் புண்ணாகும் நோயாளிகளை அந்தக் காலத்தில் பெரும்பாலும் குடல் டிபி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை ஆராய்ந்து, இது டிபி இல்லை, தனி நோய் என்று 1932-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இந்த நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பெர்க், கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் போனதால் க்ரோன் முதலில் வந்தார். பெர்க் சம்மதித்திருந்தால், இன்னைக்கு இது 'பெர்க் நோய்' ஆகியிருக்கலாம்!

மாட்டுக் கிருமி எப்படி உள்ளே வந்தது?

க்ரோனுக்கு 19 வருஷம் முன்பே, 1913-ல், கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல் இதே மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார். மாடுகளுக்கு வரும் யோனே நோயும் இதுவும் ஒரே மாதிரி இருப்பதை அப்போதே கவனித்தார். மாட்டில் அந்த நோயை உண்டாக்குவது டிபி கிருமியின் உறவுக்கார பாக்டீரியா. சுருக்கமாக, மேப். ஆனா மனிதக் குடலில் டால்சீலுக்கு அது சிக்கவில்லை.

1956-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு இந்த நோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தபோது, நோய் பத்திரிகைத் தலைப்புகளுக்கு வந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை. 1983-ல், 99 வயதில் க்ரோன் காலமானார். அடுத்த ஆண்டே சில க்ரோன் நோயாளிகளின் குடல் திசுவில் மேப் வளர்ந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

அப்போ குற்றவாளி சிக்கியாச்சா?

இல்லை. 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 213 நோயாளிகள். ஒரு குழுவுக்கு மேப்பைக் குறிவைக்கும் மூன்று ஆன்டிபயாட்டிக்குகள், இன்னொன்றுக்குப் போலி மாத்திரை. இரு குழுவுக்கும் தொடக்கத்தில் ஸ்டீராய்டு. 16-வது வாரத்தில் நோய் தணிந்தவர்கள் 66%, எதிர்க்குழுவில் 50%. ஆனா அந்த முன்னிலை நீடிக்கவில்லை. தொடக்கத்தில் கிடைத்த பலனும் மேப் செத்ததால்தான் என்று சொல்ல முடியாது. அந்த மருந்துகள் மற்ற குடல் பாக்டீரியாக்களையும் கொல்லும்.

மேப் சில நோயாளிகளிடம் இருக்கிறது, எல்லாரிடமும் இல்லை. நோய் இல்லாதவர்களிடமும் தென்படுகிறது. மரபணு, குடல் பாக்டீரியாக்கள், அவற்றுக்கு எதிராக அளவு மீறிப் பொங்கும் நோய் எதிர்ப்பு சக்தி, இவை சேர்ந்துதான் காரணம் என்பது இன்று பரவலான கருத்து.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

இங்கே குடல் டிபியும் அதிகம். ஸ்கேனிலும் பயாப்சியிலும் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். டிபி நோயாளிக்கு க்ரோன் என்று நினைத்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால், டிபி உடம்பு முழுக்கப் பரவும் ஆபத்து உண்டு. க்ரோன் நோயாளிக்கு டிபி மருந்து கொடுத்தால், மாதங்கள் வீணாகும். அதனால், சந்தேகம் தீராதபோது பல டாக்டர்கள் முதலில் டிபி மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து புண் ஆறியதா என்று பார்க்கிறார்கள்.

1932-ல் க்ரோன் முன் இருந்த கேள்வி, இது டிபியா இல்லையா என்பதுதான். இந்திய நோயாளிக்கு இன்றும் அதுதான் முதல் கேள்வி. நீண்ட நாள் வயிற்றுப் பிரச்சினை இருந்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்தாமல் குடல் நோய் நிபுணரைப் பாருங்கள். சிகிச்சைக்கு நடுவில் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.