டிராகன்களுக்கு நிறம் கொடுத்தவர்

டிராகன் என்றால் வாயில் நெருப்பு விடும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதை நிறம் நிறமாக வகை பிரித்த ஒருவர் இருந்தார். பெயர் கேரி கைகாக்ஸ்.

1938ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். அப்பா வயலின் வாசிப்பவர். மகனுக்கு மந்திரவாதி கதை, ராட்சசன் கதை எல்லாம் சொல்வாராம். எட்டு வயதில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊருக்குக் குடிவந்தார்கள். பள்ளிப் படிப்பை இவர் முடிக்கவில்லை. (இதை யாரும் பின்பற்ற வேண்டாம். டீச்சர் எழுதச் சொன்னார்கள்!)

1970ல் இன்சூரன்ஸ் வேலை போய்விட்டது. ஐந்து பிள்ளைகள். வீட்டிலேயே செருப்புத் தைத்துப் பிழைத்தார். மிச்ச நேரமெல்லாம் விளையாட்டுதான். மேஜையில் மணலைப் பரப்பி, சிப்பாய் பொம்மைகளை நிறுத்தி, நண்பர்களோடு போர் நடத்துவார். அதற்கு ஒரு டிராகன் வேண்டும். அப்போது கடையில் அந்தப் பொம்மையே கிடையாது. என்ன செஞ்சார் தெரியுமா? முதுகில் தட்டுத் தட்டாக இருக்குமே ஸ்டெகோசாரஸ், அந்த பிளாஸ்டிக் டைனோசரையே மாற்றி டிராகன் ஆக்கிட்டார். இந்த இடத்தில்தான் எனக்கு இவரை ரொம்பப் பிடித்தது.

பிறகு டேவ் ஆர்னசன் என்பவரோடு சேர்ந்து, 1974ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டார். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக மாறி, பகடை உருட்டிக் கதைக்குள் போகணும். முதலில் அச்சடித்தது 1000 பிரதிதான். வீட்டில் வைத்தே பெட்டியில் அடுக்கினார்கள்.

அதில் வெள்ளை டிராகன் ஊதினால் கடுங்குளிர். கறுப்பு, அமிலம் துப்பும். பச்சை விடுவது குளோரின் வாயு, நம் அறிவியல் புத்தகத்தில் வருதே அதேதான். நீலத்துக்கு மின்னல், சிவப்புக்கு நெருப்பு. 1977ல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்த ஐந்தும் கெட்டவை. தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, வெண்கலம் ஐந்தும் நல்லவை.

கறுப்பு கெட்டது என்றதும் எனக்குக் கோபம் வந்தது. எங்கே போனாலும் இதேதானா? அப்புறம்தான் கவனித்தேன், வெள்ளையும் அதே கெட்ட பட்டியலில்தான் இருக்கு. அதோடு, ஐந்திலும் புத்தி கம்மி வெள்ளைக்குத்தான்! என்னைக் கருவாச்சி என்று கூப்பிடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

1979ல் ஆர்னசன் இவர்மேல் வழக்குப் போட்டார், 1981ல் சமாதானம் ஆனது. பின்னாடி, தான் ஆரம்பித்த கம்பெனியை விட்டே கைகாக்ஸ் வெளியேற வேண்டி வந்தது. 2008 மார்ச் 4ல் லேக் ஜெனீவாவில் இறந்தார். அப்போது நான் பிறக்கவே இல்லை.

பக்கத்தில் இருக்கும் கறுப்பு டிராகன் நான் வரைந்தது. வாலுக்கு வரும்போது ஸ்கெட்ச் தீர்ந்துபோச்சு, அதனால் வால் மட்டும் பென்சில்.