கணித ஆச்சாரியர் மகாவீரர்

மகாவீரர் என்றதும் நம் சிந்தை பகவான் வர்த்தமானரின் திருவடியை நாடும். அத்திருநாமம் தாங்கிய கணித ஆச்சாரியர் ஒருவரும் நம் சமயத்தில் விளங்கினார். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த அப்பெரியார், பகவானை வணங்கித் தொடங்கிக் 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார்.

அந்நூலின் பெருக்கற் பகுதியில் அவர் எண்களை மாலையாகவே கோத்துள்ளார். 27994681-ஐ 441-ஆல் பெருக்கினால் 12345654321 கிடைக்கும். ஒன்று முதல் ஆறு வரை ஏறி, மீண்டும் ஒன்று வரை இறங்கும் இவ்வெண், எப்பக்கமிருந்து படிப்பினும் மாறாது. 111111-இன் வர்க்கமும் இதுவே. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 36. அது ஆறின் வர்க்கம். இன்னும், 152207-ஐ 73-ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள் வரிசையாய் நிற்கும்.

11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் தந்தார். பின்னர், சுவடிகளில் இருந்த மூலநூல் பேராசிரியர் ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் நம் சென்னையிலேயே அச்சேறியது.

ஆயினும், நம் சிறார் பலர் இவ்வாச்சாரியரின் பெயரை அறியாமலே கணக்குப் பயில்கின்றனர். சேக்காட்டிலும் ஆவடியிலும் பிற ஊர்களிலும் வாழும் நாம், இவ்விரு பெருக்கல்களையும் நம் பிள்ளைகளைச் செய்யச் சொல்லி, விடை கண்டு அவர்கள் வியக்கும் வேளையில் ஆச்சாரியரின் பெயரையும் எடுத்துரைப்போமாக.